ஐந்து நிமிஷ மருந்து

செப்டம்பர் 6, புதன்

காலை இட்லி இரண்டு, கஞ்சி ஒரு டம்ளர். காய்ச்சல் இல்லை. தையல் போட்ட இடத்தில் இழுக்கிறது.

சாப்பாட்டையும் காய்ச்சலையும் தினமும் குறித்துவைத்து, அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மாமாவின் பெயின்ட் கடைக்கு வருஷா வருஷம் வரும் டைரி ஒன்று சும்மா கிடந்தது, அதை எடுத்துக்கொண்டேன். மாமா என்றால் என் கணவர். அம்மாவின் கடைசித் தம்பி. கல்யாணத்துக்கு முன்னும் மாமா, பின்னும் மாமா.

தபால் ஆபீசுக்கு ஒரு மாத மெடிக்கல் லீவு எழுதி சஹானாவிடம் கொடுத்தனுப்பினேன். காலேஜுக்குப் போகும் வழியில் கொடுத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 7, வியாழன்

இட்லி மூன்று. காய்ச்சல் இல்லை.

டாக்டருக்குக் காட்டப்போகும் டைரியில் இதை எழுதலாமா தெரியவில்லை. எழுதாமல் இருந்தால் கண்ணை மூடும்போதெல்லாம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து வாந்தி, வயிற்றின் வலப்பக்கம் கத்தியால் குத்துகிற மாதிரி வலி. பித்தப்பை வீங்கியிருக்கிறது, இன்றே எடுத்தாக வேண்டும் என்றார்கள். பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஊசி போட்டதும் எல்லாம் அணைந்தது. பிறகு சத்தம் மட்டும் வந்தது. "முடிஞ்சுது, எழுப்புங்க" என்று ஒரு ஆண் குரல். "அம்மா, கண்ணைத் திறங்க. என் கையை அழுத்துங்க" என்று ஒரு பெண் குரல்.

நான் திறந்தேன். அதாவது, திறந்ததாக நினைத்தேன். இமை அசையவில்லை. கையை அழுத்தினேன். கை எங்கே இருக்கிறதென்று தெரிந்தது, அழுந்தவில்லை. தொண்டைக்குள் குழாய். மூச்சு தானாக வந்து நெஞ்சைத் தூக்கியது, தானாகப் போயிற்று. என்னுடையதில்லை. வெளியே யாரோ மத்தியானம் பிரியாணி சொல்லலாமா என்று கேட்டார்கள். நான் செத்துவிட்டேன், இவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். பிறகு, உயிரோடுதான் இருக்கிறேன், இவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். இரண்டாவதுதான் மோசம்.

"மேடம், கண்ணுல தண்ணி வருது" என்றாள் ஒரு நர்ஸ்.

அதன் பிறகு ஓடிவருகிற காலடிச் சத்தம். மயக்க மருந்து டாக்டர், ஷர்மிளா பானு என்று பெயர், என் காதருகே குனிந்து பேசினார். "பிரபாவதி, நான் பக்கத்துலதான் இருக்கேன். உங்க மூச்சை நாங்க பார்த்துக்கறோம். பயப்படாதீங்க. இப்ப திரும்பத் தூங்க வைக்கப் போறேன்."

நான் கண் விழித்தபோது மாலை நான்கு மணி.

செப்டம்பர் 8, வெள்ளி

கஞ்சி. மத்தியானம் ரசம் சாதம். காய்ச்சல் 99.

செப்டம்பர் 11, திங்கள்

ஷர்மிளா டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். மாமாவும் வந்தார். டாக்டருக்கு என் பெண்ணைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். படம் வரைந்து விளக்கினார். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் குழாயை அவசரமாக இறக்க வேண்டியிருந்ததாம். அதற்குத் தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து கொடுத்தார்களாம். எல்லோருடைய ரத்தத்திலும் அந்த மருந்தை உடைத்துப்போடுகிற ஒரு பொருள் இருக்கிறது, அதனால் ஐந்து நிமிஷத்தில் அதன் வேலை முடிந்துவிடும். எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது.

"உங்க உடம்புல அந்தப் பொருள் இல்லவே இல்லைன்னு நினைக்கிறேன். ரத்தம் அனுப்பியிருக்கேன், வியாழக்கிழமை தெரிஞ்சுடும். இது நோய் இல்லம்மா. ஒருத்தருக்குப் பாதி மாத்திரையில வலி போகுது, இன்னொருத்தருக்கு ரெண்டு போட்டாலும் போகலை இல்லையா, அந்த மாதிரி. பிறவியிலேயே வர்றது. உங்க அப்பா அம்மா சொந்தமா?"

"அம்மாவுக்கு அப்பா தாய்மாமன்."

"நீங்களும் சாரும்?"

"அதேதான்" என்றார் மாமா.

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு, "ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்டேனே, வீட்டுல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமப் போனதுண்டான்னு. நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார்.

அன்றைக்கு இல்லை என்று சொன்னது மாமா. இன்றைக்கும் அவர்தான் சொன்னார். நான் மேஜைமேல் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கூடப் பிறந்தவங்க?"

"யாரும் இல்லை" என்றேன்.

இரவு உப்புமா.

செப்டம்பர் 12, செவ்வாய்

இட்லி இரண்டு. காய்ச்சல் இல்லை. சமையலுக்கு வரும் லூர்து அக்கா இன்று வரவில்லை, சஹானாவே சாதம் வைத்தாள், குழைந்துவிட்டது.

அம்மாவுக்குக் குடல் அடைத்துக்கொண்டபோது அறுபது வயதுகூட ஆகவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

ரிசல்ட் வந்துவிட்டது. டாக்டர் நினைத்தது சரி. அடையாள அட்டை அளவுக்கு ஒரு அட்டை கொடுத்தார். என் பெயர், இந்தக் குறை, எந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில். எப்போதும் பையில் இருக்க வேண்டுமாம். சஹானாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள், மாமாவுக்கும்.

"ரத்த சொந்தம் எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றார். "கூடப் பிறந்தவங்க இருந்திருந்தா நாலுல ஒருத்தருக்கு இருக்க வாய்ப்பு உண்டு. முன்கூட்டியே தெரிஞ்சா ஒண்ணுமே இல்லை, வேற மருந்து கொடுத்துடுவோம். தெரியாம சின்ன ஊர்ல, மெஷின் இல்லாத இடத்துல கொடுத்துட்டாதான் ஆபத்து."

மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "மாமா, சாருவுக்கு எப்படிச் சொல்றது?"

இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவர் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "யாரு சாரு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அதே சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 15, வெள்ளி

எழுதியே விடுகிறேன். எனக்கு ஒரு அக்கா. சாருமதி. என்னைவிட நான்கு வயது பெரியவள். மாமாவுக்கு அவளைத்தான் பேசியிருந்தார்கள். பத்திரிகை அடித்தாயிற்று. டைப் கிளாசில் சொல்லிக்கொடுத்த எட்வின் என்பவரோடு ஒரு புதன்கிழமை போய்விட்டாள். அடுத்த வருஷம் அதே மண்டபத்தில் என்னை உட்கார வைத்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மாமா கெட்டவர் இல்லை. என்னைத் தபால் இலாகா பரீட்சை எழுத வைத்ததே அவர்தான்.

செப்டம்பர் 16, சனி

காலையிலேயே கடிதம் எழுதி முடித்தேன். நான்கு முறை கிழித்தேன். கடைசியில் ஆபீஸ் கடிதம் மாதிரிதான் வந்தது. எனக்கு ஆபரேஷன் நடந்தது, இப்படி ஆயிற்று, டாக்டர் குறிப்பின் நகல் இணைத்திருக்கிறேன், எந்த ஆபரேஷனுக்கு முன்பும் இதைக் காட்டவும், பிள்ளைகளுக்கும் பரிசோதிக்கவும். என் போன் நம்பர். இப்படிக்கு, பிரபாவதி. 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்பதற்கே இரண்டு காகிதம் போயிற்று. வெறும் 'சாருமதிக்கு' என்று போட்டேன்.

சஹானாவைக் கூப்பிட்டு ஸ்பீட் போஸ்ட்டில் போடச் சொன்னேன். கவரைத் திருப்பிப் பார்த்தாள்.

"சாருமதி எட்வின், மயிலாடுதுறை. யாரும்மா இது?"

"என் அக்கா."

"என்ன அக்கா? பெரியப்பா பொண்ணா?"

"கூடப் பிறந்தவ."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "டாக்டர்கிட்ட யாரும் இல்லைன்னு சொன்னதா நீயே வந்து சொன்னியே."

"சொன்னேன்."

"எனக்கு ஒரு பெரியம்மா இருக்காங்கன்னு இருபது வருஷமா யாருமே வாயைத் திறக்கலையா?"

பன்னிரண்டு மணிக்குக் கவுன்டரை மூடிவிடுவார்கள், சீக்கிரம் போ என்றேன். வாசல்வரை போய்த் திரும்பி, "அட்ரஸ் மட்டும் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். ஞாபகம் இருந்தது என்றேன்.

செப்டம்பர் 18, திங்கள்

இட்லி இரண்டு. தையல் பிரித்தாயிற்று.

கடிதம் எங்கே இருக்கிறதென்று போனில் பார்த்தேன். மயிலாடுதுறை போய்ச் சேர்ந்தது.

செப்டம்பர் 19, செவ்வாய்

கதவு பூட்டியிருந்தது என்று போட்டிருக்கிறது.

செப்டம்பர் 20, புதன்

இன்றும் கதவு பூட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருப்பாளோ. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த வயதில் பெண்களுக்கு என்னென்ன ஆபரேஷன் வரும் என்று எண்ணிப் பார்த்தேன். கர்ப்பப்பை. பித்தப்பை. கட்டி ஏதாவது. யாராவது ஒரு டாக்டர் இந்த நேரத்தில் அவள் கையில் ஊசியை வைத்துக்கொண்டு, கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா, அவர்களுக்கு ஏதாவது ஆனதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவளும் இல்லை என்றுதான் சொல்வாள்.

மயிலாடுதுறை ஆபீசுக்குப் போன் போட்டேன். நானும் இலாகாதான் என்றதும் அந்தப் பையன் மரியாதையாகப் பேசினான். "அவங்க வீடு மாத்திட்டாங்க மேடம். பக்கத்து வீட்டுல புது அட்ரஸ் கொடுத்தாங்க, சீர்காழி. இன்னிக்கு மாத்தி அனுப்பிடறேன்."

சாப்பிடப் பிடிக்கவில்லை. மோர் குடித்தேன்.

செப்டம்பர் 21, வியாழன்

டாக்டருக்கு நானே போன் செய்தேன். எனக்கு ஒரு அக்கா உண்டு, அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. அம்மாவைப் பற்றியும் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் முன்பு குடல் அடைப்புக்கு ஆபரேஷன், வேறு ஒரு ஆஸ்பத்திரி. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். மூச்சு மட்டும் திரும்பவில்லை. மெஷினில் வைத்தார்கள். நுரையீரலில் சளி கட்டி நான்காம் நாள் போய்விட்டாள்.

"இதுதானா டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. குடல் அடைப்புன்னா ஆயிரம் காரணம் இருக்கு. இப்ப சோதிக்க ரத்தம் கிடையாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியாதுன்னுதான் நான் சொல்ல முடியும்."

மாமா சாப்பிட வந்தபோது அவரிடமும் கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அக்காவுக்கு மூச்சு வரலைன்னு அன்னிக்கே டாக்டர் சொன்னார். மெஷின்ல நாலு நாள் கிடந்தாங்கன்னு ஊருக்கெல்லாம் எதுக்கு. ஹார்ட் அட்டாக்னு நான்தான் சொல்லச் சொன்னேன்." சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. அவருக்கும் அவள் அக்காதானே.

செப்டம்பர் 23, சனி

சேர்ந்துவிட்டது. காலை 11.40, சீர்காழி.

செப்டம்பர் 24, ஞாயிறு

போன் வரவில்லை. சார்ஜ் போட்டபடியே வைத்திருக்கிறேன். சஹானா என்னோடு பேசுவதில்லை, ஆனால் மணிக்கு ஒரு தடவை வந்து போனைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

செப்டம்பர் 25, திங்கள்

காலை பத்தேகாலுக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர்.

"பிரபாவா?"

குரல் அம்மாவின் குரல் மாதிரி ஆகியிருக்கிறது. ஆமாம் என்றேன்.

"லெட்டர் வந்துச்சு. இப்ப எப்படி இருக்கு உனக்கு? நல்லாச் சாப்பிடறியா?"

சாப்பிடுகிறேன் என்றேன். உடனே டெஸ்ட் எடுத்துக்கொள், அட்டை வாங்கிக்கொள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"எனக்குத் தெரியும் பிரபா. ஜோஷ்வா பிறந்தப்ப வயித்தைக் கிழிச்சுத்தானே எடுத்தாங்க, அப்ப எனக்கும் இதேதான். ஆறு மணி நேரம் கட்டை மாதிரி கிடந்தேன். தஞ்சாவூர்ல பெரிய டாக்டர் கண்டுபிடிச்சுச் சொன்னார். தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் கட்டாயம் சொல்லிடுன்னார். அதான் உனக்கு எழுதினேனே."

"எங்க எழுதினே?"

"உன் ஆபீசுக்குத்தான். வீட்டுக்குப் போட்டா மாமா கையில கிடைக்கும்னு. ரிஜிஸ்டர் பண்ணி அனுப்பினேன். வாங்க மறுத்தார்னு எழுதித் திரும்பி வந்துச்சு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

அவளே தொடர்ந்தாள். "விடு. அந்தக் கவரை நான் பிரிக்கக்கூட இல்லை. பீரோல துணிக்கடியில அப்படியே பத்திரமா இருக்கு."

பிறகு கேட்டாள். "அம்மாவுக்குக் கடைசியில மயக்க மருந்தெல்லாம் எதுவும் கொடுக்கலை இல்ல? ஹார்ட் அட்டாக்னுதான் கேள்விப்பட்டேன். சாவுக்குத்தான் சொல்லலை. பட்டுனாவது போயிட்டாங்களேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

"ஆமா" என்றேன். "ஹார்ட் அட்டாக்தான்."

செப்டம்பர் 26, செவ்வாய்

மூன்று கடிதங்கள். ஒன்று அவள் வீட்டைவிட்டுப் போன அதே வருஷம் வந்தது, வீட்டுக்கு. அப்பா அடுப்பில் போட்டார். இரண்டாவது நான் வேலையில் சேர்ந்த புதிதில், மூன்றாவது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. இரண்டும் என் கவுன்டருக்கே வந்தன. தபால்காரர் என்னிடமே நீட்டினார். மறுத்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது சஹானாவுக்கு ஒரு வயது. பால் குடித்துவிட்டுப் பொழுதுக்கும் அழும். நான் ஒரு மண்டபத்தில் யாருடைய இடத்திலோ உட்கார்ந்து எழுந்தவள். அவள் மட்டும் விரும்பியபடி போய்ச் சௌக்கியமாக இருந்துகொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைத்தேன். அனுப்புநர் முகவரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அதற்கு ஏழு வருஷம் கழித்து அம்மாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்.

செப்டம்பர் 28, வியாழன்

ரத்த முடிவு வந்தது. மாமாவுக்குப் பாதி. சஹானாவுக்கு என்னைப் போலவே முழுக் குறை. அவளுக்கும் ஒரு அட்டை. "ஒண்ணும் ஆகாதும்மா, இப்பத் தெரிஞ்சுபோச்சே" என்று என்னைச் சமாதானம் செய்தாள். பத்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

இப்போது தெரிந்துபோயிற்று என்று அவள் சொன்னதுதான் என்னை உட்காரவிடவில்லை. காய்ச்சல் இல்லை. பார்த்தேன், இல்லை.

செப்டம்பர் 29, வெள்ளி

சஹானா பெரியம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். சிரிக்கிறாள். அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம்.

மாமாவிடம் சொன்னேன். "வரட்டும்" என்றார். பிறகு, "கடையில வேலை இருக்கு அன்னிக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

அக்டோபர் 1, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தாள். தலை பாதி நரைத்திருக்கிறது. சாயம் போடவில்லை. கையில் சீர்காழியிலிருந்து வாழைப்பூவும் ஒரு பை முறுக்கும். சஹானாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து, "நீ உட்காரு" என்று சொல்லிப் பீன்ஸை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். சஹானாவைத் தயிர் வாங்க அனுப்பினேன்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது. நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக் இல்லை. ஆபரேஷன். மூச்சு திரும்பலை. மெஷின்ல வச்சிருந்தாங்க."

கத்தி நின்றது.

"எத்தனை நாள்?"

"நாலு."

"முழிச்சிருந்தாங்களா?"

இதை அவள் கேட்பாள் என்று போன் வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். உலகத்தில் இதைக் கேட்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"தெரியலை. முதல் நாள் சாயங்காலம் கண்ணுல தண்ணி வந்துச்சு. மருந்து விட்டதால இருக்கும்னு நர்ஸ் சொன்னாங்க. நான் தொடைச்சுவிட்டேன்."

அவள் பீன்ஸைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். குக்கர் இரண்டு விசில் அடித்தது. எழுந்து பின்பக்கம் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் நெடுநேரம் கேட்டது. நான் பின்னால் போகவில்லை. போயிருக்க வேண்டுமோ என்னவோ.

திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. மறுபடி கத்தியை எடுத்தாள்.

"உன் லெட்டரை நான் வாங்கியிருந்தா" என்று ஆரம்பித்தேன்.

"வாங்கியிருந்தா மட்டும்? நாலு பக்கம் உன்னைத் திட்டித்தான் எழுதியிருந்தேன். என் இடத்துல போய் உட்கார்ந்துக்கிட்டியேன்னு. ரெண்டாவது வரியிலேயே கிழிச்சுப் போட்டிருப்பே. இந்த விஷயம் கடைசிப் பக்கத்துல ஒரு ஓரமா கிடந்துச்சு." பீன்ஸைச் சட்டியில் கொட்டினாள். "உப்பு எங்க வச்சிருக்கே?"

ஒன்றரை மணிக்கு மாமா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்ற வெகுநேரம் ஆயிற்று அவருக்கு.

"எப்ப வந்தே சாரு?"

"பதினோரு மணிக்கு மாமா."

"பஸ்ஸுல உட்கார இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

அவ்வளவுதான். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் பொரியல் வைக்கும்போது போதும் என்று அவர் கையைக் காட்டவில்லை.

திருச்சியில் மாறித்தான் சீர்காழி போக வேண்டும். நாலு மணிக்குத் திருச்சி பஸ்ஸுக்கு நானும் சஹானாவும் கூடப் போனோம். கடிதத்தைப் பற்றி அக்கா போனிலேயே அவளிடம் சொல்லியிருப்பாள் போல, நிற்கும்போது சஹானா கேட்டாள். "பெரியம்மா, அந்த லெட்டரை அடுத்த தடவை எடுத்துட்டு வாங்களேன். நான் பார்க்கணும்."

"எந்த லெட்டர்? அதுவா? அது எப்பவோ போச்சுடி. மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு ஒரு வருஷம், அதோட போயிடுச்சு."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் பஸ் வருகிற பக்கம் பார்த்தாள். ஆறு நாளுக்கு முன்பு பீரோவில் துணிக்கடியில் பத்திரமாக இருக்கிறது, பிரிக்கக்கூட இல்லை என்று என்னிடம் சொன்னவள்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு, வெளியே தலையை நீட்டி, மூன்று மாசத்துக்குக் கனமாக எதையும் தூக்காதே என்றாள்.